“அந்த மலையில என்னதான் இருக்கு உங்களுக்கு?”

கேள்வி: எனக்கு 43 வயது. கொடைக்கானல் கீழ்மலையில், பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில் பிறந்து வளர்ந்தேன். 17 வயதில் படிப்புக்காகக் கீழே இறங்கியவன், இப்போது சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். ஊரில் மூன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அம்மா தனியாக அங்கேயே இருக்கிறார். தங்கும் விடுதி கட்டுவதற்காக ஒருவர் நிலத்தை நல்ல விலைக்குக் கேட்கிறார். மச்சான் விற்றுவிடச் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை. “அந்த மலையில என்னதான் இருக்கு உங்களுக்கு?” என்று மனைவி கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ‘எனக்குப் பிடித்த ஊர்’ என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு உதவுகிறேன் என்று உட்கார்ந்து நானே பத்துக் காரணம் எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே பொய்யாகத் தெரிகிறது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். மார்ச், ஏப்ரலில் இங்கே மேகம் கறுத்தாலே ஊருக்குப் போன் போட்டு, “அங்க மழையா?” என்று கேட்கிறேன். இது ஏதாவது நோயா? நிலத்தை விற்கலாமா, கூடாதா?

பதில்: தம்பி என்றே எழுதுகிறேன். உங்களைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவள் நான்.

முதலில் அந்த நோட்டுப் பக்கத்துக்கு வருகிறேன். குளிர்ந்த காற்று, மூடுபனி, அருவி, அமைதி, பறவைகள், சுத்தமான தண்ணீர், பச்சைப் பசேல். முதல் ஏழு காரணங்கள் இவை. வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறும் வழியில் நிற்கும் எந்த விடுதிப் பலகையிலும் இந்த ஏழையும் படிக்கலாம். எட்டாவதை எழுதிவிட்டுப் பேனாவால் நாலு கோடு போட்டு அடித்திருக்கிறீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோபிக்காதீர்கள், இது என் தொழில். “மழைக்கு மறுநாள் அப்பா செடி செடியாக நின்று நின்று போவார்” என்று இருக்கிறது. ஒன்பதும் பத்தும் மறுபடி பலகைக் காரணங்கள்தான்.

பக்கம் உங்களுக்கே ஏன் பொய்யாகத் தெரிகிறது என்றால், அந்த ஒன்பதும் ஏறி வந்து இரண்டு நாள் தங்கிப் போகிறவர்களின் காரணங்கள். பத்து வயதில் நீங்கள் மூடுபனியை அழகு என்று பார்த்திருக்க வாய்ப்பில்லை. டிசம்பரில் களத்தில் காப்பி காய்ந்துகொண்டிருக்கும்போது பனி இறங்கினால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், அவ்வளவுதான். அடித்துப் போட்ட எட்டாவது வரி ஒன்றுதான் அந்தப் பக்கத்தில் உங்களுடையது.

நோயா என்று கேட்டீர்கள். ஒரு காலத்தில் நோய்தான். 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் யோகானஸ் ஹோஃபர் என்ற 19 வயது மருத்துவ மாணவர் இதைப் பற்றி ஆய்வேடே எழுதினார். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். நாட்டுப்புறத்துப் பெண் ஒருத்தி கீழே விழுந்து அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தாள். சாப்பாடு வேண்டாம், மருந்து வேண்டாம், “வீட்டுக்குப் போகணும்” என்ற ஒரே பேச்சு. வீட்டுக்கு அனுப்பினார்கள், தேறிவிட்டாள். இந்த மாதிரிக் கதைகளைத்தான் அவர் தொகுத்தார். அன்றைக்கு ஐரோப்பியப் படைகளில் கூலிக்குச் சண்டை போடப் போன சுவிஸ் மலைக்காரர்களுக்கு இது அதிகம் வருகிறது என்ற பேச்சும் இருந்தது. சூரிச்சைச் சேர்ந்த ஷாய்க்ஸர் என்ற அறிஞர் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். மலையில் காற்று லேசு, கீழே கனம். இறங்கி வந்தவனின் ரத்தக் குழாய்களைக் கனத்த காற்று அழுத்துகிறது, அதனால்தான் ஏக்கம் வருகிறதாம். ஆளை ஒரு குன்றின் மேலோ கோபுரத்தின் மேலோ ஏற்றி வைத்தால் சரியாகிவிடும் என்றார். எனக்கு இந்த விளக்கம் மிகவும் பிடிக்கும். தப்பான விளக்கம்தான், ஆனாலும் தாம்பரத்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்த காலத்தில் மொட்டை மாடிக்கு ஏறும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

இன்றைக்கு யாரும் இதை நோய் என்று சொல்வதில்லை. தூக்கம் போகிறதா, சாப்பாடு இறங்கவில்லையா, வேலையில் கை ஓடவில்லையா, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் கிடக்கிறீர்களா? இதில் எதையும் நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மறைக்காமல் பக்கத்தில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அப்பா போய் இரண்டு வருடம் என்பதையும் ஒரே வாக்கியத்தில் கடந்து போய்விட்டீர்கள். அந்தத் துக்கமும் இதற்குள் கலந்திருக்கும். மற்றபடி உங்களுக்கு நோய் ஒன்றும் இல்லை.

சரி, அந்த மழைக்கு வருவோம். உங்கள் மனைவிக்கான பதில் அதில்தான் இருக்கிறது, நீங்களே அவருக்கு விளக்கியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

காப்பிச் செடியில் மொட்டு கட்டி, வெயிலில் காய்ந்து, மழைக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். மார்ச்சிலோ ஏப்ரலிலோ ஓர் அங்குலம் அளவுக்கு நல்ல மழை விழுந்தால், எட்டுப் பத்து நாளில் மலை முழுக்க ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகையைப் போல வாசனை. மூன்று நாள் நிற்கும், பிறகு பழுப்பாகிக் கொட்டிவிடும். மழை பத்தாமல் போனால் மொட்டு பாதி விரிந்தும் விரியாமலும் கெட்டுவிடும். நன்றாகப் பூத்தாலும் அதோடு முடியவில்லை. இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு மழை வேண்டும், அது வந்தால்தான் பிஞ்சு நிற்கும். அப்புறம் எட்டு ஒன்பது மாதம் காய் பழுக்கிற வரைக்கும் காவல். ஆக, ஒரு குடும்பத்தின் அந்த வருடத்து வருமானம் ஏறக்குறைய இரண்டு மழையில் முடிவாகிறது.

இது தெரிந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை வானத்தை அல்ல, அப்பாவின் முகத்தைப் பார்த்து வளர்கிறான். மழைக்கு மறுநாள் அப்பா செடி செடியாக நின்று போகிறார். பின்னாலேயே பையன் போகிறான். அவர் மொட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த செடிக்குப் போனால் ஒரு மாதிரி, “ம்” என்றால் வேறு மாதிரி. பள்ளிக்கூட ஃபீஸ், அக்கா கல்யாணம், தீபாவளித் துணி எல்லாம் அந்த ‘ம்’-மில் இருக்கிறது. நகரத்தில் என்னிடம் வரும் பல பேருக்குத் தங்கள் அப்பா ஆபீஸில் என்ன வேலை பார்த்தார் என்பதே சரியாகத் தெரியாது. உங்களுக்கு ஏழு வயதிலேயே தெரிந்திருக்கிறது, தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடிக்க உங்கள் கையும் தேவைப்பட்டிருக்கிறது. நீங்கள் அந்த மலையை நேசிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் தேட மாட்டேன். போன் போட்டு “அங்க மழையா?” என்று கேட்பது, 26 வருடம் கழித்தும் அப்பா பின்னால் நடப்பது. அதை மனைவியிடம் இப்படியே சொல்லுங்கள். நல்ல காற்று என்று சொன்னால் அவர் ஏசி வாங்கலாம் என்பார்.

ஒன்றைக் கவனித்தேன். உங்கள் பத்தில் எந்த நஷ்டமும் இல்லை. பிடித்த ஊரைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கிவிட்டார்கள். கீழ்மலைக்காரர் ஒருவர் மலைவாழையைப் பற்றிப் பேசாமல் ஊரைப் பற்றிப் பேச முடியுமா? விருப்பாட்சி வாழை உங்கள் தாத்தா காலத்தில் அந்தச் சரிவெல்லாம் நின்றது. 1970-களில் முடிக்கொத்து நோய் பரவியது. அசுவினிப் பூச்சி மரத்துக்கு மரம் சுமந்து போக, இலைகள் குறுகி உச்சியில் குடுமி மாதிரி நெருங்கி நின்று, தார் போடாமலே தோட்டம் தோட்டமாக அழிந்தது. திசு வளர்ப்புக் கன்றுகளை வைத்து மீட்கப் பார்த்தார்கள், இன்னும் பார்க்கிறார்கள். 2008-இல் அந்த வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது சேருகிற பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் கிடைத்தது. பழனி அடிவாரத்தில் டப்பா வாங்கிப் போகிறவருக்கு அது பிரசாதம். உங்கள் வீட்டில் அது தாத்தா விட்டுப்போன கடனாகவும் இருந்திருக்கலாம், விசாரித்துப் பாருங்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் ஏறி வந்தபோது மலையில் நிழல் மரங்கள் சாய்ந்து, மின்கம்பிகள் அறுந்து கிடந்ததே, அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள், எத்தனை நாள் அம்மாவோடு பேச முடியாமல் தவித்தீர்கள்? அதெல்லாம் காரணப் பட்டியலில் வராதா? எனக்கு வரும் என்றுதான் தோன்றுகிறது. நாம் எதற்காகப் பயந்தோமோ அது நம்முடையதாகிவிடுகிறது.

இனி உங்கள் மனைவி. அவர் கேட்டதைத் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டீர்கள், கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. அவருக்கு அந்த மலை எப்படி இருக்கும் என்று யோசித்தீர்களா? நீங்கள் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கிவிடுவீர்கள். அவர் அடுப்படியில் நிற்பார். விறகுப் புகை, காலில் ஏறும் அட்டை, சிக்னல் இல்லாத போன், பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் வளைவு வளைவாக இறங்கித்தான் பெரிய ஆஸ்பத்திரி என்ற கவலை. நாலு நாளும் சொந்தக்காரர்களுக்குக் காப்பி போட்டே போயிருக்கும். “என்னதான் இருக்கு” என்பது நேர்மையான கேள்வி. அடுத்த முறை அவரை அடுப்படியிலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். சமையலுக்கு நீங்கள் நில்லுங்கள். அவருக்கும் அந்த ஊர் பிடித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பிடிக்காமலும் போகலாம், அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வால்பாறையில் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவள். அப்பா அம்மா இரண்டு பேரும் தேயிலைத் தொழிலாளிகள். அந்த வீட்டுச் சுவரில் என் உயரத்தை வருடா வருடம் கரித்துண்டால் கோடு போட்டு வைத்திருந்தோம். ஆனால் வீடு எங்களுடையது அல்ல. அப்பா ஓய்வு பெற்றதும் கையில் கொஞ்சம் பணம் வந்தது, சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். 40 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, ஆழியாரைத் தாண்டிப் பொள்ளாச்சியில் ஒரு வாடகை வீடு. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கும். 40-லிருந்து 1 வரைக்கும் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. மலையில் எங்களுக்கு ஒரு செண்ட் கிடையாது, திரும்பிப் போய்க் கதவைத் தட்ட ஒரு வாசல் கிடையாது. ஆனாலும் விடிகாலை எஸ்டேட் சங்கு ஊதும் நேரத்துக்கு இன்றைக்கும் எனக்கு விழிப்பு வந்துவிடும். எங்காவது தேயிலைக் கடையில் மூட்டையைப் பிரித்தால் ஃபாக்டரி வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பட்டா இருந்தால்தான் பாசம் என்று நீங்கள் குழப்பிக்கொள்கிறீர்கள். நிலம் போனால் அப்பாவும் மழையும் தார்ப்பாயும் போய்விடும் என்ற பயம் உங்கள் கேள்வியில் இருக்கிறது. போகாது, நான் சாட்சி. அதே மாதிரி, பாசம் இருக்கிறது என்பதற்காக நிலத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் கிடையாது. காப்பித் தோட்டத்துக்கு உங்கள் பாசத்தால் ஒரு பயனும் இல்லை. பழம் எடுக்க ஆள் வேண்டும், நிழல் மரத்துக்குக் கவாத்து வேண்டும், தண்டுத் துளைப்பான் பூச்சி விழுந்த செடியைக் கண்டுபிடித்துப் பிடுங்கி எரிக்க வேண்டும், காட்டுமாடு வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வருடமாக இதையெல்லாம் யார் செய்கிறார்கள்?

அம்மாதான், இல்லையா? உங்கள் கடிதத்தில் மச்சான் என்ன சொன்னார், மனைவி என்ன கேட்டார், வாங்க வந்தவர் எதற்குக் கேட்கிறார் என்பதெல்லாம் இருக்கிறது. அம்மா என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. ‘தனியாக அங்கேயே இருக்கிறார்’ என்பதோடு முடித்துவிட்டீர்கள். இது கொஞ்சம் கோபம் வரவைத்தது, சொல்லிவிடுகிறேன்.

அந்த மலையில் பிறந்தவர் நீங்கள். அம்மா பிறந்தவரா, கீழேயிருந்து கல்யாணமாகி ஏறியவரா? மலையூர்களில் பல பெண்கள் பதினெட்டு இருபது வயதில் சமவெளியிலிருந்து ஏறியவர்கள். முதல் வருடம் முழுக்கக் குளிரில் அழுததாகச் சொன்ன பாட்டிமார்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலருக்கு மலை பிறகு உயிராகிவிட்டது. சிலர் ஐம்பது வருடம் கழித்தும் கீழே இறங்க ஒரு சாக்கு கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் அம்மா எந்தப் பக்கம்? அவருக்கு மூட்டுவலி இருந்து, அந்தச் சரிவில் தண்ணீர்க் குடம் தூக்குகிறவராக இருந்தால், உங்கள் ஊர்ப் பாசத்தின் கூலியை அவர் கட்டிக்கொண்டிருக்கிறார். இல்லை, “என் செடியை விட்டுட்டு நான் எங்க வர்றது” என்பவராக இருந்தால், நீங்கள் இங்கே விற்பதைப் பற்றிப் பேசுவதே அவர் காலடியில் பள்ளம் தோண்டுவது. இரண்டில் எது என்று தெரியாமல் நானோ மச்சானோ ஒன்றும் சொல்ல முடியாது.

என் கருத்தைக் கேட்டால்: இந்த வருடம் விற்காதீர்கள். உங்களுக்கு மனசு வரவில்லை என்பதற்காக அல்ல. அங்கே குடியிருப்பவரைக் கேட்காமல் எடுக்கிற முடிவு எதுவானாலும் பின்னால் உங்களைத் தூங்கவிடாது. அவசரமும் தெரியவில்லை, கடன் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. விடுதிக்காரர் அவசரப்படுத்தினால் அது அவர் அவசரம். மலைப்பகுதியில் கட்டடம் கட்ட என்னென்ன அனுமதி தேவை, உங்கள் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருகிறதா என்பதையெல்லாம் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது என் துறை அல்ல. விற்பது, வைத்திருப்பது இரண்டுக்கும் நடுவில் குத்தகை என்று ஒன்று இருக்கிறது. சித்தப்பா பையனோ பக்கத்துத் தோட்டக்காரரோ எடுத்துச் செய்தால் செடியும் பிழைக்கும், அம்மாவுக்கும் கை ஓயும்.

இன்னொன்று. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் போய்விட்டு வந்து ஊரைப் பற்றி முடிவெடுக்காதீர்கள். திருவிழாவில் எல்லா ஊரும் நன்றாகத்தான் இருக்கும். டிசம்பரில் பழம் எடுக்கிற நேரத்தில் பத்து நாள் லீவு போட்டுப் போங்கள். காலையில் ஆள் தேடுங்கள், ராத்திரி களத்துக் காப்பியை மூடுங்கள், கூலியைக் கணக்குப் போட்டு நோட்டில் எழுதுங்கள். பத்தாவது நாள் முதுகுவலியோடு படுக்கும்போது மலை உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். அப்போதும் போன் போட்டு மழை கேட்கத் தோன்றினால் குத்தகை, பங்கு, திரும்பிப் போவது என்று எதை வேண்டுமானாலும் பேசலாம். போதுமடா சாமி என்று தோன்றினாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் ஏக்கத்தில் ஒரு பாதி பத்து வயதுக்கானது. அந்த வயது நிலப் பத்திரத்தில் வராது.

மகளின் கட்டுரையை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். அவளுக்குப் பிடித்த ஊர் தாம்பரமாகவோ அவள் பள்ளிக்கூடத் தெருவாகவோ இருக்கலாம், இருக்கட்டும். ஆனால் வருகிற மார்ச்சில் அம்மா போனில் மழை என்று சொன்னால், நாளை எண்ணி எட்டாம் நாள் ராத்திரி பஸ் ஏறுங்கள். வத்தலக்குண்டில் இறங்கி, மலை ஏறும் முதல் வண்டியைப் பிடித்தால் விடிந்த கொஞ்ச நேரத்தில் பூவுக்குள் போய்விடலாம். அவளிடம் எதையும் விளக்காதீர்கள். நீங்கள் செடி செடியாக நின்று நின்று போனால் போதும், அவள் பின்னால் வருகிறாளா என்று மட்டும் பாருங்கள்.

அதற்கு முன்னால், இன்றைக்கே அம்மாவுக்குப் போன் போடுங்கள். மழையைப் பற்றிக் கேட்க வேண்டாம். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.